சுரங்கத்துக்குச் சரக்கு கொடுக்கப் போகும் பட்டறைக்காரருக்கு

காரைக்குடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம், பெரிய சுரங்கக் கம்பெனிகளுக்கு உதிரி சாமான் செய்து கொடுக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். "அங்கெல்லாம் நமக்கு யாரைத் தெரியும்?" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு சுரங்க நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலும் ஸ்டோர்ஸிலும்தான் இருந்தேன். டெண்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்த காலத்தில் சேர்ந்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றுக்கு டெண்டர் படித்துக் கொடுப்பது, தாள்களைச் சரிபார்ப்பது, கூடவே இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய் நிற்பது என்று பொழுது போகிறது. ஆள் தெரிந்திருந்தால் உதவும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆள் எந்த டெண்டர் எப்போது வருகிறது என்று சொல்லுவார், அவ்வளவுதான். நான் பார்த்தவரை, ஆள் தெரியாமல் தோற்ற பட்டறைகள் குறைவு. ஆர்டர் கிடைத்து, சரக்கும் நன்றாகச் செய்து அனுப்பிவிட்டு, காசு வரும்வரை தாங்க முடியாமல் விழுந்தவைதான் அதிகம். அதனால் எந்தப் பொருளை எடுப்பது, எந்தத் தாளை முதலில் சரிசெய்வது என்று யார் கேட்டாலும் நான் ஒரே கணக்கில்தான் பார்க்கிறேன்: இது காத்திருக்கும் நாளைக் குறைக்குமா, கூட்டுமா?

செட்டிநாட்டில் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சிவகங்கைக்குப் பக்கத்தில் கிராஃபைட் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு கனிம நிறுவனம், அதாவது டாமின், அங்கே வெட்டியெடுப்பதோடு கல்லை அரைத்துக் கிராஃபைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையும் வைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கல் குவாரிகள் இருக்கின்றன. ஆனால் வருஷம் முழுக்க உதிரி சாமான் வாங்கிக்கொண்டே இருக்கும் அளவுக்குப் பெரியவை என்றால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும், அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளுக்காக நடக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும்தான். காரைக்குடியில் ராத்திரி லாரி ஏற்றினால் மறுநாள் காலையில் கேட்டில் நிற்கும் தூரம்.

அங்கே நாம் உள்ளூர் ஆள் கிடையாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். வேன் வாடகை, தோட்ட வேலை, துப்புரவு மாதிரி வேலைகளை அவர்கள்தான் கேட்பார்கள், அது நியாயமும்கூட. நாம் போய் அதில் கை வைத்தால் வம்பு வரும், லாபமும் நிற்காது. நம்மிடம் இருப்பது கைவேலை. பட்டறையில் செய்து லாரியில் ஏற்றுகிற பொருளைத்தான் நாம் கொண்டுபோக வேண்டும்.

அதிலும் எந்தப் பொருள்? என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கியர், பெரிய ஷாஃப்ட் என்று கஷ்டமான வேலையைக் கேட்பார்கள். திறமையைக் காட்டும் ஆசை. அது வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிற சாமான். ஒன்று ரிஜக்ட் ஆனால் மொத்த முதலும் போய்விடும். நான் சொல்வது, தேய்ந்து போகிற சாமானாகப் பாருங்கள். கன்வேயர் ரோலர் அதற்கு நல்ல உதாரணம். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணைப் பெரிய சக்கர இயந்திரம் வெட்டிப் போட, பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பெல்ட்டுக்குக் கீழே வரிசையாக ரோலர்கள். ஒரு ரோலர் சுற்றாமல் நின்றுவிட்டால், ஓடுகிற பெல்ட் அதன்மேல் உரசும். உரச உரசக் குழாய் தேய்ந்து கத்தியாகிப் பெல்ட்டையே கிழித்துவிடும். சூடேறித் தீப்பிடித்த கதைகளும் சுரங்க உலகத்தில் உண்டு. அதனால் நின்ற ரோலரைக் கழற்றிப் போட்டுப் புதிதை மாட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே பார்த்தால் ஒரு குழாய், ஒரு தண்டு, இரண்டு பேரிங், அவை உட்காரும் இரண்டு கிண்ணம், தூசியும் தண்ணீரும் போகாமல் தடுக்கும் சீல். நம் ஊர் டர்னர் யாருக்கும் இது பெரிய வித்தை கிடையாது.

வித்தை இல்லாததால்தான் இது சரியான வாசல். பெரிய கம்பெனிக்கு ஒரு நல்ல ரோலர் போதாது. முந்நூறாவது ரோலரும் முதல் ரோலர் மாதிரியே இருக்க வேண்டும், அப்படித்தான் இருக்கிறது என்பதற்குத் தாளும் இருக்க வேண்டும். குழாய்க்கு ஐ.எஸ். 9295, ரோலருக்கு ஐ.எஸ். 8598 என்று தரநிர்ணயங்கள் இருக்கின்றன. டெண்டரில் இந்த எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதை வாங்கிப் படிக்காமல் விலை போடுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

கழனிவாசல் பக்கம் ஒரு தம்பியின் பட்டறை. கை சுத்தம், கடன் இல்லை, இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட். மாதிரிக்காகச் சில ரோலர்கள் செய்து வைத்திருந்தார். கையால் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் ஓடியது.

"இந்தத் தண்டு என்ன ஹீட் தம்பி?" என்று கேட்டேன்.

"ஹீட்டா? இரும்புதானே அண்ணே, கடையில வாங்குனது."

இரும்பு ஆலையில் ஒவ்வொரு தடவை உலையில் உருக்கி ஊற்றும்போதும் அந்த உருக்கலுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அதுதான் ஹீட் நம்பர். அந்த எண்ணுக்குக் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, எவ்வளவு இழுத்தால் அறும் என்று மில் சர்டிஃபிகேட்டில் இருக்கும். கம்பியின் முனையில் அந்த எண்ணைக் குத்தியோ, சீட்டுக் கட்டியோ அனுப்புவார்கள். பட்டறையில் நாம் செய்கிற முதல் வேலை என்ன? கம்பியை வெட்டுவது. வெட்டியதும் எண் ஒரு துண்டில் நின்றுவிடுகிறது, மற்ற துண்டெல்லாம் அநாதை. இன்ஸ்பெக்டர் வந்து, கையிலிருக்கிற சர்டிஃபிகேட்டுக்கும் தரையில் கிடக்கிற இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைக்குத் திரும்பிப் போய்விடுவார். மறுபடி அவர் நாள் கொடுப்பதற்குள் டெலிவரி தேதி தாண்டும். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் என்று பில்லில் பிடிப்பது வழக்கம்.

வழி ரொம்பச் சாதாரணம். வெட்டுவதற்கு முன்னால், எங்கெங்கே வெட்டப் போகிறோம் என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணை, எண் பொறிக்கும் பஞ்ச் கருவியால் தட்டிவிட வேண்டும். அப்புறம்தான் கட்டிங். தண்டைக் கடையும்போது எண் அழிந்துவிடாத முனையாகப் பார்த்துத் தட்ட வேண்டும், அது ஒரு சின்னச் சூட்சுமம். தம்பி ஒரு பஞ்ச் செட் வாங்கினார். இரும்பு வாங்கும் இடத்தையும் மாற்றினார். கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் கடையில் சர்டிஃபிகேட் கிடைக்காது, திருச்சியில் பில்லோடும் சர்டிஃபிகேட் நகலோடும் தருகிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். அந்தக் கூடுதலை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும், அப்புறம் வருத்தப்படக் கூடாது.

அளவெடுக்கும் கருவிகளும் அப்படித்தான். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற வெர்னியருக்கு, அது சரியாக அளக்கிறது என்று சொல்லும் காலிப்ரேஷன் சர்டிஃபிகேட் இருக்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தால் சோதித்துச் சர்டிஃபிகேட் தருவார்கள், அதற்கு ஆகும் செலவு ஒரு ரிஜக்‌ஷன் செலவில் சிறு பங்குதான். டயல் கேஜ் ஒன்றும் வேண்டும். ரோலரைச் சுற்றவிட்டு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. இன்ஸ்பெக்டர் எழுதப் போகும் அதே படிவத்தில் நாமே முதலில் அளந்து எழுதி வைத்துவிட்டால், அவர் நாலைந்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார்.

இனி பதிவுத் தாள்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசமாக நாமே செய்துகொள்ளலாம். அரசு தளம் மாதிரியே தோற்றமுள்ள தனியார் தளங்களில் போய்ப் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அதைவிட முக்கியமானது, பதிவில் என்ன தொழில் என்று போட்டிருக்கிறது என்பது. பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் 'வியாபாரம்' என்று தட்டிவிட்டால், உங்களிடம் உத்யம் எண் இருக்கும், ஆனால் டெண்டர் சலுகை எதுவும் இருக்காது. வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பதிவு வங்கிக் கடன் வகைக்கு மட்டும்தான் பயன்படும். கொள்முதல் சலுகையும், காசு தாமதமானால் கேட்கும் உரிமையும் உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். உங்கள் சான்றிதழை இன்றைக்கே எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் முறையில், இருக்கும் பட்டறைகள் நம் ஊரில் நிறைய. கணக்கு வேலை குறைவு, சரிதான். ஆனால் அதில் இருப்பவர் பில்லில் வரி வசூலிக்க முடியாது, வாங்குகிற கம்பெனிக்குத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவும் கிடைக்காது. பெரிய கம்பெனி அப்படிப்பட்ட பில்லை விரும்பாது. சுரங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தால் சாதாரண முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஆடிட்டர் ஃபீஸ் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. டெண்டர் ஏற்றுவதற்காக அதை வாங்கி, பாஸ்வேர்டோடு சேர்த்துப் பிரவுசிங் சென்டர் மேஜை டிராயரிலேயே விட்டு வைத்திருக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை டீக்கடையில் விட்டு வருவீர்களா?

நெய்வேலி மாதிரி மத்திய அரசு நிறுவனங்களுக்கு 2012 கொள்முதல் கொள்கை ஒன்று இருக்கிறது. மொத்தக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடமிருந்தும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களிடமிருந்தும். டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு, சொன்னபடி செய்து கொடுப்பதற்குப் பிணையாகக் கட்டும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிக்கு இந்த விலக்கு கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'ஒன்றும் கட்ட வேண்டாம்னு சொன்னாங்களே' என்று கடைசி நேரத்தில் பணத்துக்கு அலைகிறவர்கள் உண்டு. தனியார் சிமெண்ட் ஆலைகளை இந்தக் கொள்கை கட்டுப்படுத்தாது. அங்கே விலையும் தரமும் பேச்சும்தான்.

இந்தக் கொள்கையில் பலரும் பெருமையாகச் சொல்லும் பதினைந்து சதவீத விஷயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனி ஒன்று குறைந்த விலையாக 100 ரூபாய் போட்டிருக்கிறது, நீங்கள் 115-க்குள் போட்டிருக்கிறீர்கள் என்றால், அதே 100 ரூபாய்க்கு இறங்கி வந்தால் டெண்டரில் ஒரு பங்கு உங்களுக்குத் தரப்படும். நூற்றுப் பதினைந்து தருவார்கள் என்று அர்த்தமில்லை. 112 போட்ட பட்டறைக்குக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் சம்மதம் சொல்லிவிட்டால், அந்தப் பன்னிரண்டு ரூபாய் யார் பையிலிருந்து போகிறது? 100-க்குச் செய்தால் கட்டுபடியாகுமா என்பதை விலை போடும் அன்றே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடிதம் வரும் நாளில் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, தாளைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். ஐந்து லட்ச ரூபாய்க்கு ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000 சேர்த்துப் பில் 5,90,000. குழாய், கம்பி, பேரிங் எல்லாம் மூன்று லட்சம், அதற்கு வரி 54,000. புதுப் பட்டறைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள், ரொக்கம்தான். கூலி 70,000. டெஸ்டிங், பெயிண்ட், லாரி வாடகை 20,000. பில் போட்ட மறுமாதமே வரி கட்டியாக வேண்டும், வாங்கிய சரக்கின் வரியைக் கழித்தது போக 36,000. பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி ஐந்து சதவீதம் என்றால் 25,000 முடங்குகிறது. கூட்டிப் பாருங்கள்: 5,05,000. ஐந்து லட்ச ரூபாய் ஆர்டருக்கு ஒரு பைசா உள்ளே வருவதற்கு முன்னால் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளியே போய்விட்டது. எல்லாம் வந்து சேர்ந்தால் லாபம் 1,10,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாசம் பத்தாயிரம். ஐந்து மாசம் இழுத்தால் லாபத்தில் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்காரருக்கு.

வட்டிக் கணக்கிலேயே ரங்கூனும் பினாங்கும் பார்த்த ஊர் இது. இங்கே ஒரு பட்டறைக்காரர் இந்தக் கூட்டலைப் போடாமல் டெண்டரில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் வரும். அந்தக் காலத்தில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தாலே முதலில் கற்றுக்கொடுத்தது பேரேடும் ஐந்தொகையும்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் இரண்டுக்கும் இது பொருந்தும். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம், அது இந்த மாதிரிப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

ஆனால் அந்த நாள் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால் சரக்கு போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அப்படியானால் சரக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் என்ன சாட்சி? பார்சல் லாரியில் போட்டுவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது போட்டதற்குத்தான் ரசீது. சரக்கு கம்பெனி இருக்கும் ஊரின் பார்சல் ஆபீஸ் கோடவுனிலேயே கிடக்கும், டோர் டெலிவரி என்று எழுதியிருக்க மாட்டார்கள். இவரோ நாளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒரு கம்பெனி வாசலில் இந்த விவகாரத்துக்காகவே பட்டறைக்காரரோடு நானும் போய் நின்றேன். கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை, சரக்கு அவர்கள் கேட்டைத் தாண்டவே இல்லை. டெலிவரி சலானில் ஸ்டோர்ஸ் சீல், தேதி, கையெழுத்து, மூன்றும் வாங்காமல் லாரிக்காரர் திரும்பக் கூடாது என்று வாடகை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். ஸ்டோர்ஸ் சரக்கு இறக்க ஒரு நேரம் வைத்திருப்பார்கள். சாயங்காலம் போனால் மறுநாள்தான், லாரி காத்து நிற்பதற்கு ஹால்ட்டிங் கூலி வேறு.

புகார் போடலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உரிமை இருப்பது ஒன்று, அதே கம்பெனியிடம் அடுத்த மாசம் ஆர்டர் கேட்டுப் போவது இன்னொன்று. அதற்கு முன்னால் சத்தமில்லாத வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணையும், குறுவா சிறுவா என்பதையும் அச்சடித்துவிடுவது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டி நிறுத்தி வைத்த பணத்தைக் கொடுக்கும் வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அந்தக் கம்பெனியின் ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார், ஆனால் பில்லைப் பார்த்தால் நீங்கள் சிறு தொழில் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று ட்ரெட்ஸ், பில்லைக் கெடுவுக்கு முன்பே காசாக்கும் இணையதளம். பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை அந்தத் தளத்தில் போட்டால், வங்கிகள் ஏலம் எடுத்துத் தள்ளுபடி செய்து உடனே பணம் தரும். கெடு நாளில் கம்பெனி வங்கிக்குக் கட்டிக்கொள்ளும். வட்டி பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்து வருவதால் குறைவாக இருக்கும், கம்பெனி கட்டவில்லையென்றால் உங்களைத் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் மத்திய அரசு நிறுவனங்களும் ட்ரெட்ஸில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. விலை பேசும்போதே, "உங்கள் பில்களை ட்ரெட்ஸில் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தேவகோட்டைப் பக்கம் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தையல் யூனிட்டுக்கும் கொஞ்ச நாள் உதவினேன். அவர்களுக்கு யாரோ பாதுகாப்புக் காலணி வாங்கி விற்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். சுரங்கத்துக்குள் போகும் காலணிக்கும் ஹெல்மெட்டுக்கும் பாதுகாப்புத் தரச் சான்று வேண்டும். அதுவும் வாங்கி விற்கும் வேலையாக இருந்தால் சலுகையும் போச்சு. அதனால் அதை விட்டுவிட்டு, மோட்டார்களை மழையிலிருந்து மூடும் தார்ப்பாய் உறை, கருவிகள் வைக்கும் கான்வாஸ் பை, சீருடை என்று எடுத்தார்கள். எல்லாம் தாங்களே வெட்டித் தைப்பது. நன்றாகவே போகிறது. இவர்களைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கான பங்கு இருக்கிறதே என்று வீட்டு ஆச்சி பெயரில் பட்டறையை மாற்றலாமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆச்சிக்கு லேத் எது, டிரில்லிங் மெஷின் எது என்று தெரியாமல் இருந்தால், நேரில் பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் 51 சதவீதமாவது உண்மையிலேயே பெண்களுடையதாக இருக்க வேண்டும்.

நம் ஊருக்குள்ளேயே கிடக்கும் ஒரு வசதியைச் சொல்லாமல் விடக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். துருப்பிடிப்பதைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் தெரிந்தவர்கள் இருக்கும் இடங்களில் அது ஒன்று. சுரங்கத்தில் இரும்புச் சாமானுக்கு முதல் எதிரி தண்ணீர். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ராப்பகலாகப் பம்ப் செய்தால்தான் வெட்டவே முடியும். ஒரு பட்டறை செய்த பிராக்கெட்டுகள் ஒரு மழைக்காலத்திலேயே பூச்சு உரிந்து துருவேறிவிட்டன என்று புகார் வந்தபோது, பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு சிக்ரிக்குப் போகச் சொன்னேன். கட்டணம் கட்டினால் சோதித்துக் கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையை அடுத்த டெண்டரோடு இணைத்தபோது கொள்முதல் அதிகாரி பேசிய தொனியே வேறாக இருந்தது. காம்பவுண்டுச் சுவரைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கு உள்ளே போகலாம் என்பதே தோன்றாமல் இருக்கிறது.

கழனிவாசல் தம்பிக்கு முதலில் சின்ன ஆர்டர், அப்புறம் கொஞ்சம் பெரியது என்று வந்து, இப்போது ஓரிடத்திலிருந்து வருஷ ஒப்பந்தம் பேச்சில் இருக்கிறது. பட்டறையில் வேறு வேலையே எடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் திருச்சி துவாக்குடியைக் காட்டினேன். பெல் நிறுவனத்தை நம்பி அங்கே எத்தனையோ ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன, மின்நிலைய ஆர்டர்கள் குறைந்த காலத்தில் அவை பட்ட பாடு ஊருக்கே தெரியும். சுரங்கத்திலும் வருஷத்துக்கு ஒரு தடவை பட்ஜெட் நிற்கும், அதிகாரி மாறுவார், டெண்டர் ரத்தாகும். ரைஸ் மில் ஷாஃப்ட்டும், கல் குவாரிக்காரரின் கிரஷர் வேலையும், விவசாயியின் பம்ப் செட்டும் அன்றாடம் கையில் காசு கொடுக்கிறவை. கூலி போடுவது அந்தக் காசில்தான். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பட்டறை வேலையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து, தம்பிக்கு அதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு வருகிறேன், படித்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். வந்தால் முதலில் பணம் தரும் பிரிவையும், எண்ணிக்கையைக் குறைக்க அவர்களுக்கு உரிமை தரும் பிரிவையும் படிக்க வேண்டும்.

ஆள் சப்ளை காண்ட்ராக்ட் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் உதவுவதில்லை. சுரங்கத்துக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை, விதிகளின்படி தொழிற்பயிற்சி, பி.எஃப். என்று வரிசை நீளும். ஆளுக்கு ஒன்று ஆனால் பொறுப்பு யார் என்ற கேள்வி முதலில் காண்ட்ராக்டர் வாசலுக்குத்தான் வரும். அந்தத் தொழிலைத் தெரிந்தவர்கள் செய்யட்டும். பட்டறைக்காரர் வந்தால் மட்டும் உட்காரச் சொல்வேன். வரும்போது பட்டறையின் கடைசி ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். டிராயிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.